நோயாளியின் கட்டிலருகே மார்க்கமும் செவிலியமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

மருத்துவமனையில் ஒருவர் சேர்க்கப்படும்போது செவிலியர் ஒரு படிவத்தை நிரப்புகிறார். பெயர், வயது, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றோடு மதம் என்றொரு கட்டமும் பல படிவங்களில் உண்டு. அதில் 'இஸ்லாம்' என்று எழுதியதும் அக்கட்டத்தின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லினால் இந்த நோயாளியின் பராமரிப்பில் எது மாற வேண்டும் என்று செவிலியர் கேட்பதில்லை. உடனிருக்கும் நாமும் சொல்வதில்லை. விளைவு என்ன? சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்ட முதியவர், 'உடல் சுத்தமில்லை' என்று தாமே தீர்மானித்து நாள்கணக்கில் தொழுகையை விட்டுவிடுகிறார். இன்சுலின் போட்டுக்கொள்ளும் இன்னொருவரோ மருத்துவரிடம் மறைத்து நோன்பு வைக்கிறார்.

செவிலியக் கல்வி இதைக் கவனிக்கவில்லை என்று கூற இயலாது. அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன் வகுத்த கோட்பாட்டில் மனிதனின் அடிப்படைத் தேவைகள் பதினான்கு. சுவாசம், உணவு, உறக்கம் ஆகியவற்றின் வரிசையிலேயே, தன் நம்பிக்கைப்படி வழிபடுவதும் ஒரு தேவையாக இடம் பெற்றுள்ளது. அதாவது, தொழுவதற்கு நோயாளிக்கு உதவுவது செவிலியர் செய்யும் சலுகையன்று. அவருடைய பணியின் ஒரு பகுதி.

இதனை விரிவாக வளர்த்தவர் மேடலின் லெய்னிங்கர். 1950களில் மனநலம் குன்றிய சிறார்களிடையே பணியாற்றியபோது, வெவ்வேறு பண்பாட்டுப் பின்னணியில் வந்த பிள்ளைகள் பராமரிப்பை வெவ்வேறு விதமாக எதிர்பார்ப்பதை அவர் கண்டார். பின்னர் மானிடவியல் பயின்று, பாப்புவா நியூ கினியில் கட்சுப் மக்களிடையே தங்கி ஆய்ந்தார். அதன் பயனாக உருவான கோட்பாடு, நோயாளியின் வழக்கங்களை அறிந்த செவிலியருக்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது. நன்மை தரும் வழக்கத்தைக் காப்பது முதலாவது. சிகிச்சைக்கு இசையும்படி இரு தரப்பும் விட்டுக்கொடுத்து அமைத்துக்கொள்வது இரண்டாவது. தீங்கு தரும் வழக்கத்தை நோயாளியின் உடன்பாட்டோடு மாற்றியமைப்பது மூன்றாவது.

ஃபிக்ஹ் சட்டங்களைப் படித்தவர்களுக்கு இம்மூன்றும் அந்நியமாகத் தோன்றா. நோயிலும் தொழுகையின் கடமை நீங்குவதில்லை, அது காக்கப்படுகிறது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். தண்ணீர் தீங்கு செய்யுமாயின் தயம்மும் உண்டு. சிறுநீர்க் குழாய் உள்ளவர், தொழுகை நேரம் நுழைந்தபின் உளூச் செய்து தொழுதுகொள்ளலாம். இவை அமைத்துக்கொள்ளும் வழிகள். நோன்பினால் உயிருக்கு ஆபத்து நேரும் என்று மருத்துவர் எச்சரித்த பின்னும் நோன்பில் பிடிவாதம் காட்டுவதோ மாற்றப்பட வேண்டியது. நோயாளி வேறு நாள்களில் நோற்கலாம் என்றும், அறவே இயலாதவர் ஃபித்யா கொடுக்கலாம் என்றும் மார்க்கமே இடமளித்திருக்கிறது.

இவ்விடத்தில் அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் தகும். பயணத்தில் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்முமுக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்றும், அறியாமைக்கு மருந்து கேட்பதே என்றும் உணர்த்தினார்கள். கேட்காமலேயே தீர்ப்புச் சொன்னவர்களால் ஓர் உயிர் போயிற்று. இன்று நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்து நின்று, 'இது கூடும், இது கூடாது' என்று கூறும் உறவினர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் நம்மிடம் முன்னரே உண்டு என்று பெருமை பேசி அமைந்துவிடுவோர் நம்மில் சிலர். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் ருஃபைதா (ரலி) அவர்களின் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்டதையும், காலையிலும் மாலையிலும் நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரித்ததையும் எடுத்துரைப்பார்கள். உண்மையே. ஆயினும் அந்தப் பெருமை, பக்கத்துக் கட்டிலில் தயம்மும் செய்யத் தெரியாமல் தவிப்பவருக்கு என்ன பயன் தரும்?

ஒரு செவிலியர் பல நோயாளிகளைக் கவனிக்கும் பொது வார்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆதலால்தான் பொறுப்பின் ஒரு பங்கு நம்மைச் சேர்கிறது. எந்த நேரங்களில் தொழுவார், உடல் துடைத்துவிடப் பெண் செவிலியர் வேண்டுமா, மாத்திரையிலோ உணவிலோ தயக்கம் உண்டா என்பவற்றைச் சேர்க்கும் நாளிலேயே நான்கு வரிகளில் எழுதிக் கொடுக்கலாம். தயம்முமுக்கான மண்ணைக் கொண்டுவரும் முன், காயத்துக்கும் வார்டின் சுத்தத்துக்கும் அது ஏற்றதா என்று செவிலியரிடம் கேட்கலாம்.

எழுதுமுன் நோயாளியிடமே கேட்பது அவசியம். முஸ்லிம்கள் அனைவரும் ஒரே வார்ப்பு அல்லர். மத்ஹபு வேறு, பழக்கம் வேறு, கூச்சம் வேறு. பண்பாட்டை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்த செவிலியரும், நோயாளியைக் கேளாமல் அவருக்காகப் பேசும் மகனும் செய்வது ஒரே தவறுதான்.

உலமாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லும்போது துஆவோடு திரும்பிவிடாமல், 'தொழுகைக்கு என்ன செய்கிறீர்கள்?' என்று கனிவாகக் கேட்போம். நோயாளிக்குரிய சட்டங்களை ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலாவது விளக்குவோம். படிவத்தில் எழுதப்பட்ட அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கிடைக்கச் செய்வது செவிலியரின் கடமை மட்டுமன்று, நம் கடமையுமாகும்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.