கணனியும் நாமும்: ஒரு பக்கக் கடைக்கு ஒழுங்கான பெயர்ப்பலகை



உரும்பிராய்ச் சந்திக்கு அண்மையில் ஓர் ஒழுங்கையில் வசிக்கும் அக்கா ஒருவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். கணவர் இல்லை. மிளகாய்த்தூள், ஒடியல் மா, வேப்பம்பூ வடகம் ஆகியவற்றைச் செய்து விற்றே இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அவர் தூள் வறுக்கும் வாசம் ஒழுங்கை முகப்பிலேயே தெரியும். வெளியூரில் உள்ளவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அதற்காக இரண்டு மாத வருமானத்தைக் கொடுத்து, ஒரேயொரு பக்கம் கொண்ட இணையத்தளத்தைச் செய்வித்தார்.

ஆறு மாதமாகியும் அதன் வழியாக ஓர் அழைப்பும் வரவில்லை. "என்ர தூளில ஏதும் பிழையோ, தங்கச்சி?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கவலையாகிவிட்டது. தூளில் பிழையே இல்லை. அச்சடித்த துண்டுப்பிரசுரத்தைப் படமெடுத்து, அந்தப் படத்தையே இணையத்தளம் என்று போட்டிருந்தார்கள். பிழை அங்கேதான்.

கூகிள் போன்ற தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெரிய புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற அடைவு இருக்குமல்லவா? தேடுபொறியும் இணையப் பக்கங்களை ஓயாமல் வாசித்து அத்தகைய அடைவு ஒன்றைத் தயாரிக்கிறது. நாம் தேடும்போது அந்த அடைவைத்தான் புரட்டுகிறது. எழுத்தாக இருப்பதை அது நன்றாக வாசிக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

சரி, எழுத்தாகவே போடுவோம் என்று அச்சகத்தில் இருந்த பிரதியை வாங்கி ஒட்டிப் பார்த்தோம். ஒரே ஆங்கிலக் குழப்பம்! அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கணனிக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பவைதான். நமது கண்ணுக்கு மட்டுமே அது தமிழ். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இலக்கங்களைக் கொடுக்கும் யுனிகோட் முறையில் எழுதினால்தான் தேடுபொறிக்கும் அது தமிழ். பாமினியை யுனிகோட்டாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதற்கு நல்ல உதாரணம் நம்மவரிடமே உண்டு. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெரும்பாலும் படங்களாகவே சேமிக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்பவற்றை யுனிகோட் தமிழில் எழுதியிருக்கிறார்கள். சஞ்சிகையானால் பொருளடக்கத்தையும் பெரும்பாலும் எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் பழைய புத்தகமொன்றின் பெயரைத் தேடினால் அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. பக்கம் ஒன்றாக இருப்பது குறையல்ல. அந்தப் பக்கம் தான் என்ன என்பதைச் சொல்லாமல் இருப்பதுதான் குறை.

அந்த அக்காவின் பக்கத்தை நாங்கள் திருத்திய விதம் இது:

1. தலைப்பு. தேடல் முடிவில் முதலில் தெரியும் வரி இதுவே. முன்பு "நல்வரவு" என்று இருந்தது. "யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், ஒடியல் மா – உரும்பிராய்" என்று மாற்றினோம். என்ன பொருள், எந்த ஊர் என்ற இரண்டும் வந்துவிட்டன.

2. ஒரு பக்கம், ஒரு விடயம். மகளின் தையல் வேலையும் அதே பக்கத்தில் இருந்தது. மேலே உள்ள பட்டியலை அழுத்தினால் கீழே இறங்கும் பகுதிகள் நமக்குத் தனிப் பக்கங்கள் போலத் தோன்றும். தேடுபொறிக்கு அவை எல்லாம் ஒரே பக்கம்தான். தையலுக்கு வேறு பக்கம் செய்வதே நல்லது.

3. கேள்வியும் பதிலும். வாங்குபவர் கேட்பதையே உபதலைப்புகளாக இட்டோம். தூளில் என்னென்ன சேர்கிறது? எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும்? கொழும்புக்கு அனுப்புவீர்களா? ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு மூன்று வரியில் பதில்.

4. ஊரின் பெயர். உரும்பிராயை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் சிலர் "பேப்பர்" என்பதன் முதலெழுத்தையும், சிலர் "பஸ்" என்பதன் முதலெழுத்தையும் இடுகிறார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் தேடுவார்கள். ஆகவே ஆங்கிலத்திலும் ஒரு பந்தி எழுதி, இரண்டு விதத்தையும் சேர்த்தோம்.

5. படங்கள். அளவைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்க வரி எழுதினோம். கைத்தொலைபேசியில் பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும். இப்போது கூகிளும் கைத்தொலைபேசிக்குரிய வடிவத்தையே முதன்மையாகப் பார்க்கிறது.

ஒரே சொல்லை நூறு தரம் எழுதினால் முதலிடம் வரும் என்று காசு கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். பக்கத்துக்குள் மறைவாக இடும் திறவுச்சொல் பட்டியலைத் தாம் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகிள் 2009இலேயே அறிவித்துவிட்டது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தரவும் முடியாது. மற்றவர்கள் தங்கள் தளத்திலிருந்து நமக்குத் தரும் இணைப்பு, நாலு பேர் சொல்லும் நல்ல வார்த்தை போன்றது. ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ தளம் வைத்திருந்தால் கேட்டுப் பாருங்கள்.

கூகிள் வரைபடத்திலும் தொழிலை இலவசமாகப் பதியலாம். வீட்டிலிருந்து பொருட்களைக் கொண்டு சென்று கொடுப்பவர்கள், வீட்டு முகவரியை மறைத்து, கொடுக்கும் ஊர்களை மட்டும் காட்டலாம். பிள்ளைகளோடு தனியே இருக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

திருத்திய பின் அழைப்புகள் வந்து குவியவில்லை. மூன்றாம் மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் அழைத்து, கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப இரண்டு கிலோ தூள் கேட்டார். அடுத்த மாதம் அவரே மீண்டும் அழைத்தார். "என்ர தூளில பிழையில்லைத்தானே!" என்று அக்கா சிரித்தார்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு பக்கம் இருந்தால் இன்றே கைத்தொலைபேசியில் திறந்து, ஒரு சொல்லை விரலால் அழுத்திப் பாருங்கள். அந்தச் சொல் தனியே தெரிவாகாவிட்டால், அது எழுத்தல்ல, படம். திருத்த வேண்டிய வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.