ராஜா, ராணி, ஒரு ஆணி

உத்தமபாளையத்தில் எங்கள் பூர்வீக வீட்டுப் பட்டாசாலையில் ஒரு படம் தொங்குகிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், பக்கத்தில் மேரி ராணி. தாத்தாவின் அப்பா காலத்துப் படம். செல்லரித்ததில் ராஜாவுக்குப் பாதி மீசை போய்விட்டது.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய சாமான் வியாபாரி நல்ல விலை சொல்கிறார் என்று சித்தப்பா கழற்றி வைத்திருந்தார். "பென்னிகுக் படம்னா மாட்டலாம். தண்ணி கொடுத்த மனுசன். இவங்க என்னத்தக் கொடுத்தாங்க?"

நியாயம்தான். 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீரை இந்தப் பள்ளத்தாக்குக்குத் திருப்பிய பென்னிகுக் 1911 மார்ச்சில் கண்ணை மூடினார். அதே வருஷம் டிசம்பர் 12-ல் இந்த ஜோடி டெல்லியில் தர்பார் நடத்தியது. பிரிட்டிஷ் கிரீடத்தை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சட்டமாம். அதனால் புதுசாக ஒன்று செய்தார்கள். செலவு 60,000 பவுண்டு. பில் இந்தியாவுக்கு! தலை வலித்ததென்று ராஜாவே டைரியில் எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் எந்த ராஜாவும் அதைத் தலையில் வைக்கவில்லை. (நான் பி.காம். ஒரே நாளில் நூறு சதவீதத் தேய்மானத்தை அப்போதுதான் பார்த்தேன்.)

விடைபெறும் படத்துக்கு மரியாதையாக ஒரு பாட்டு கட்டினேன்:

ஆறாயிரம் வைரம் வச்ச கிரீடம் – அதை
அரைநாள் சுமந்ததுக்கே தலைபாரம்!
வட்டியும் வாடகையும் மாசாமாசம் – நாங்க
வாயே திறக்காமச் சுமக்கும் பாரம்!

சித்தப்பா கைதட்டினார். ராணியை மட்டும் விடுவானேன்? அந்தம்மாவை முதலில் நிச்சயம் பண்ணியது ராஜாவின் அண்ணனுக்கு. 1892-ல் அவர் இறந்துபோக, அடுத்த வருஷம் தம்பிக்குக் கட்டி வைத்தார்கள்.

அண்ணனுக்கு நிச்சயம் பண்ண மேரி – அவர்
ஆயுசு முடிஞ்சதும் தம்பி வீட்டுக்கு மாறி
இன்னைக்கும் சிரிக்காம நிக்குதே – அந்தச்
சீர்வரிசைப் பாக்கிதான் தொண்டையில சிக்குதே!

நேபாளத்தில் ராஜா 21 புலி சுட்டதற்கும் ஒரு பாட்டு தயார். வாய் திறப்பதற்குள் அப்பத்தா வந்து படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தது.

"அவங்க யாருன்னு தெரியுமா அப்பத்தா?"

"யாரா இருந்தா எனக்கென்ன? வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து தொடைக்கிறேன். உங்க தாத்தா ஒரு போட்டோவுக்காச்சும் என்னயப் பக்கத்துல நிக்க விட்டிருக்காரா? இந்த மனுசன் பொண்டாட்டிய ஒட்டி நிக்கிறாருல்ல..."

எதிர்ச் சுவரில் தாத்தா தனியாக இருந்தார். சொசைட்டி லோனுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கியது. அவர் முகத்திலும் சிரிப்பில்லை.

புலிப் பாட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சித்தப்பா வியாபாரிக்குப் போன் போட வாசலுக்குப் போனார். பழைய ஆணி ஆடியது. புது ஆணியை நான்தான் அடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்டா," என்றது அப்பத்தா. "உங்க தாத்தா கண்ணுல படுற மாதிரி மாட்டு."