பாதி வேலை வேண்டாம்: பழைய ஜீப்பின் முன் வீல் பேரிங்



தை பிறந்துவிட்டது. இன்னும் மூன்று மாதத்தில் மாங்காய் இறக்கத் தொடங்கிவிடுவோம். ராஜபாளையத்தில் ஐயனார் கோயில் பக்கமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்புப் பக்கமும் தோப்பு வைத்திருக்கும் நம் ஆட்கள் சிலரிடம் இன்றும் பழைய மகேந்திரா ஜீப்தான் ஓடுகிறது. மழைக்காலம் முழுக்க ஓடையில் இறங்கி ஏறிய வண்டிகள். அவற்றின் முன் வீல் பேரிங் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. ஹப்பைத் திறந்தால் வேலையை முழுசாகச் செய்யுங்கள். பாதி வேலை பார்த்து ஓட்டுவதற்கு, வண்டியை ஷெட்டிலேயே நிறுத்தி வைக்கலாம்.

"சத்தம் வரட்டும், பார்த்துக்கலாம்" என்பார்கள். சத்தம் வரும்போது பேரிங் ஏற்கெனவே கெட்டிருக்கும். ஓடி ஓடி ஹப் சூடாகியிருக்கும் நேரத்தில் தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்துப்போகும். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு உருளும் உராய்வும் நழுவு உராய்வும் நினைவிருக்கும். கிரீஸ் கெட்டபின் ரோலர் உருளாமல் தேயும், சூடேறும், கடைசியில் இறுகிப் பிடிக்கும். சீல் வழியாகக் கிரீஸ் கசிந்து பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும்.

ஒரு முன் வீலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங். ஒவ்வொன்றும் ஜோடி: ரோலர் கோர்த்த கோன், ஹப்புக்குள் அடித்து இறக்கிய கப். கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை அப்படியே விடுவதைத்தான் பாதி வேலை என்கிறேன். பழைய கப்பின் பள்ளம் புது ரோலரைத் தின்றுவிடும். கப், கோன், சீல், லாக் வாஷர் நான்கும் புதிதாக இருக்கட்டும். கிரீஸை மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் வைத்து, மறுபக்கம் பிதுங்கும்வரை ரோலருக்குள் ஏற்ற வேண்டும். வீலைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்குத் தளர்த்தி, வாஷரை மடக்கி, வெளி நட்டைப் பூட்ட வேண்டும். ரொம்ப இறுக்கினால் பேரிங் எரியும். தளர்ந்தால் வீல் ஆடும்.

அதே கையோடு லாக்கிங் ஹப்பையும் பாருங்கள். 1947-இல் மகேந்திரா நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. மறு ஆண்டே அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் அந்த ஜீப்புக்காக இந்த ஹப்பைச் செய்தார். ஃப்ரீயில் வைத்தால் தார் ரோட்டில் முன் அச்சு சும்மா சுற்றித் தேயாது. லாக்கில் வைத்தால்தான் நாலு வீல் டிரைவ் வேலை செய்யும். ஒரு பக்கம் லாக், மறுபக்கம் ஃப்ரீ என்று இருந்தால் முன் வீல் இழுக்காது, சக்தியெல்லாம் ஃப்ரீ பக்கமே போய்விடும். சேற்றில் மாட்டும்போதுதான் இது தெரியவரும். பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸை இதற்குள்ளும் அப்பினால் டயல் திரும்பாது. இங்கே மெல்லிய பூச்சு போதும்.

இதற்கெல்லாம் மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையில் பேரிங்குக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறோம். பட்டறையில் கூலிக்கு மட்டும் பேரம் பேசுகிறோம். "சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்று தலைமேல் நிற்கிறோம். கப்பைச் சேதமில்லாமல் தட்டி எடுக்கவும், ஹப்பைக் கழுவித் துடைக்கவும், நட்டை நிதானமாகச் சரிபார்க்கவும் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் காசு கொடுக்காதவர், பாதி வேலையைத் தானே கேட்டு வாங்குகிறார்.

ஸ்டியரிங் பிடிப்பவருக்காவது வீல் ஆடுவது கையில் தெரியும். பின்னால் எதிரெதிர்ப் பலகையில் கூடையோடு உட்கார்ந்து வரும் மாங்காய் பறிக்கிற பெண்களுக்கு எதுவும் தெரியாது. "பேரிங் மாத்தியாச்சா முதலாளி?" என்று கேட்டுவிட்டு ஏறும் நிலையிலும் அவர்கள் இல்லை. அவர்கள் கேட்க முடியாத கேள்வியை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பின் வீல்களுக்குக் கட்டை வைத்து, முன் வீலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மேலும் கீழும் பிடித்து வீலை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங்தான். நிற்கவில்லை என்றால் கிங் பின் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த வண்டியில் ஆள் ஏற்ற வேண்டாம்.