நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

ஐந்து வயது வரையில் ஒரு சொல்லும் பேசாமலிருந்த குமரகுருபரரைப் பெற்றோர் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்றதும், முருகன் அருளால் அவர் பாடத் தொடங்கியதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட கதைதான். பிற்பாடு மதுரைக்கு வந்து, திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியவரும் அவரே. கேட்கும்போதே மனத்துக்குத் தைரியம் பிறக்கிறது. ஆனால், "அவரே ஐந்து வயதில்தானே பேசினார்!" என்று சொல்லிக்கொண்டு நாம் சும்மா இருந்துவிடுகிறோமே, அங்கேதான் சங்கடம்.

சும்மா இராதவர்களும் உண்டு. குழந்தையின் வாயைத் திறந்து பார்த்து, "நாக்கு ஒட்டியிருக்கு. அறுத்துவிட்டா பேச்சு கொட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஒரு பாட்டி வசம்பை உரைத்துத் தடவுவாள். இன்னொருத்தி தேனைத் தடவுவாள். இவற்றால் பேச்சு வந்துவிடாது. அதிலும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆபத்து.

நாக்கு ஒட்டுவது என்றால் என்ன? கண்ணாடி முன் நின்று உங்கள் நாக்கைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஒரு மெல்லிய சவ்வு தெரியும். அது எல்லோருக்கும் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அது குட்டையாகவோ தடிப்பாகவோ, நுனிக்கு மிக அருகில் ஒட்டியோ இருக்கும். நாக்கை நீட்டினால் நுனி நடுவில் பள்ளம் விழுந்து, சீட்டுக்கட்டு ஆட்டின் போலத் தோன்றும். ஆனால், பார்வைக்கு ஒட்டியிருப்பது வேறு. வேலைக்குத் தடையாயிருப்பது வேறு. இப்படிப் பிறக்கும் சிசுக்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் கஷ்டம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2024-ம் ஆண்டு அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

கைக்குழந்தைக்குத் தடை இருந்தால் தாய்தான் முதலில் அறிவாள். குழந்தை மார்பைப் பிடித்துப் பிடித்து நழுவ விடும், 'சொடக் சொடக்' என்று சத்தம் வரும், நெடுநேரம் குடித்தும் பசி அடங்காது, எடை ஏறாது. தாய்க்கோ காம்பு வெடித்து வலி உயிர் போகும். முதலில் குழந்தையை அணைத்துப் பால் கொடுக்கும் முறையைச் சரிப்படுத்திப் பார்க்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் டாக்டர் சவ்வைச் சிறிதே கத்தரித்து விடுவார். சில விநாடி வேலை. இரண்டொரு சொட்டு ரத்தம். உடனேயே பால் கொடுக்கலாம். வளர்ந்த குழந்தைகளுக்கு மயக்க மருந்தும் தையலும் தேவைப்படலாம். வீட்டில் நகத்தாலோ பிளேடாலோ கீறுவது வேண்டவே வேண்டாம். நாக்கின் அடியில் ரத்தக் குழாய்களும் உமிழ்நீர்க் குழாய்களும் இருக்கின்றன.

இனிப் பேச்சுக்கு வருவோம். நாக்கை அசைக்காமல் 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். முடிகிறதல்லவா? 'அப்பா', 'மாமா', 'பாப்பா' எல்லாமே உதடுகளின் வேலை. ஆகவே, ஒன்றரை வயதாகியும் 'அம்மா' என்றுகூடச் சொல்லாத குழந்தையின் நாக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். குழந்தையின் பொதுவான வளர்ச்சியையும் டாக்டர் பார்க்க வேண்டும். பிறந்த சில நாளிலேயே காதைச் சோதிக்கக் கருவிகள் இருக்கின்றன. காது கேளாத குழந்தைக்கு நாக்கை அறுத்துவிட்டுப் பேச்சுக்காகக் காத்திருந்தால், போன வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்? தமிழகத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துவதுகூட ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான்.

ல, ர, ட, ண போன்ற எழுத்துக்களுக்கு நாக்கின் நுனி மேலே எழ வேண்டும். நாலைந்து வயதிலும் இவை குழறினால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பயிற்சியே போதும். 'பழம்' என்பதைப் 'பளம்' என்றால் மட்டும் கவலை வேண்டாம். மதுரைச் சீமையில் நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறோம்!

பெரியவர்களிலும் இந்தச் சவ்வோடு வாழ்கிறவர்கள் உண்டு. பல்லிடுக்கில் சிக்கிய சோற்றை நாக்கால் துழாவ முடியாது. உதட்டை நனைக்க வராது. நாகசுரம் ஊதுகிறவரானால் தொழிலுக்கே இடைஞ்சல். மரத்துப் போகும் ஊசி போட்டு இதைச் சரி செய்யலாம். பிறகு டாக்டர் சொல்லும் நாக்குப் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். இத்தனை காலம் சௌகரியமாக இருந்தவர் ஆபரேஷனைத் தேடிப் போக வேண்டியதில்லை.

2024 மே மாதம், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில், ஆறாவது விரலை எடுக்க வந்த நாலு வயதுச் சிறுமிக்கு நாக்கில் ஆபரேஷன் நடந்துவிட்டது. டாக்டர் சஸ்பெண்டு செய்யப்பட்டார். ஆகவே கையெழுத்துப் போடுமுன், எங்கே, எதற்காக அறுக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மேலூரோ, உசிலம்பட்டியோ, திருமங்கலமோ, எங்கிருந்தாலும் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் இருக்கிறது. திருச்செந்தூருக்கும் அவசியம் போய் வாருங்கள்; காதுப் பரிசோதனையை முடித்துக்கொண்டு போங்கள்.