அக்காவின் பிஸ்கற் ரின்னும் எங்கள் மலிவான கரண்டும்

அன்பான பழைய மாணவர்களுக்கும் சொந்தக்காரருக்கும்,

இது நீளமான பதிவு. பாதி வாசித்துவிட்டு லைக் போட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர்கள்தானே! இன்றைக்கு மட்டும் முழுதாக வாசியுங்கள். விசயம் கரண்ட் பில். பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு நேராகவே பொருந்தும். கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள், இங்கே தனியாக இருக்கும் உங்கள் மாமியையோ சித்தியையோ நினைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன மாசி மாதம், கிழக்கு லண்டனில் தனியாக இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். பெரியம்மாவின் மகள், வயது 81. பின்னேரம் ஆறு மணி, நல்ல இருட்டு. ஹோலில் லைற் இல்லை. குசினியில் மட்டும் ஒரு பல்ப் எரிந்தது.

"ஏனக்கா இருட்டுக்குள்ள இருக்கிறியள்?"

"கரண்ட் காசு ஏறிப்போச்சுத் தம்பி. ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு லைற்?"

பில்லைக் காட்டச் சொன்னேன். பழைய பிஸ்கற் ரின் ஒன்றைக் கொண்டுவந்து தந்தா. உள்ளே கொம்பனியின் கடிதங்கள், பாதிக்கு மேல் உடைக்கவே இல்லை. "உந்த இங்கிலீசை ஆர் வாசிக்கிறது? காசு பாங்கில இருந்து தன்ரபாட்டில போகுது. காணும்தானே."

உடைக்காத கடிதம் ஒன்றை உடைத்தேன். உங்கள் பிக்ஸ்ட் டீல் இன்ன திகதியில் முடிகிறது, புதிதாக ஒன்றைத் தெரிவு செய்யாவிட்டால் மாறும் கட்டணத்துக்குப் போய்விடுவீர்கள் என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதம் வந்து ஒன்றரை வருசம் ஆகியிருந்தது.

அங்கேயே மேசையில் இருந்து கணக்குப் பார்த்தேன். அக்கா வருசத்துக்கு ஏறத்தாழ 1,500 யூனிற் எடுக்கிறா. கட்டிக்கொண்டிருந்த விலை யூனிற்றுக்கு 27 பென்ஸ், அதோடு நாளுக்கு 60 பென்ஸ் ஸ்டாண்டிங் சார்ஜ். (விளங்குவதற்காகத் தசமங்களை முழு எண்ணாக்கி எழுதுகிறேன்.) யூனிற்றுக்கு 405 பவுண், நாள் கட்டணத்துக்கு 219 பவுண், மொத்தம் 624. அன்றைக்கு இன்னொரு கொம்பனியில் யூனிற் 26 பென்ஸ், நாளுக்கு 40 பென்ஸ் என்று ஒரு டீல் இருந்தது. 390 சக 146, மொத்தம் 536. வித்தியாசம் 88 பவுண்.

இனி அந்த ஹோல் லைற்றைப் பாருங்கள். 10 வாற் எல்ஈடி பல்ப் நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் வருசத்துக்கு 18.25 யூனிற். 27 பென்ஸ்படி 4 பவுண் 93 பென்ஸ். ஐந்து பவுண் மிச்சம் பிடிக்க அக்கா வருசம் முழுக்க இருட்டில் இருந்தா. உடைக்காத கடிதத்துக்குள் அப்படிப் பதினேழு லைற்றின் காசு கிடந்தது.

அக்காவைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் பிக்ஸ்ட் டீல் முதன்முறை முடிந்தபோது நான் செய்ததும் இதுதான். கடிதத்தை வாசித்தேன், பிறகு பார்ப்போம் என்று லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த மாதம் டைரக்ட் டெபிட் முன்னைய தொகையாகவே போனது. விலை ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஏழு மாதம் கழித்துத்தான் மாதத் தொகையை உயர்த்தப் போகிறோம் என்று கடிதம் வந்தது. விலை முதல் நாளே ஏறிவிட்டது. கோடை காலத்தில் என் கணக்கில் சேர்ந்திருந்த காசைத் தின்றுகொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. டைரக்ட் டெபிட் விலை அல்ல, அது தவணை. முப்பது வருசம் கணக்குப் படிப்பித்தவன் இதை விளங்க ஏழு மாதம் எடுத்தேன்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

ஒரு கலியாண வீட்டில் இதைச் சொன்னபோது, என்னிடம் படித்த ஒருவர், இங்கே நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், சிரித்துக்கொண்டு சொன்னார்: "சேர், சந்தை எண்டால் அப்பிடித்தான். தேடுறவனுக்கு மலிவு. தேடாதவன் குடுக்கத்தான் வேணும்." பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அன்றைக்குக் கலியாண வீடு என்று பேசாமல் வந்துவிட்டேன். இன்றைக்குப் பதில் சொல்கிறேன்.

தம்பி, கத்தரிக்காய்க்கு நீர் சொல்வது சரி. ஒரு கடையில் வாடல், அடுத்த கடையில் புதுசு. பார்த்து வாங்கலாம். ஆனால் கரண்டில் அப்படி என்ன இருக்கிறது? அக்கா வீட்டுக்கும் உம் வீட்டுக்கும் வருவது ஒரே கரண்ட். கொம்பனியை மாற்றினால் கம்பி மாறாது, மீற்றர் மாறாது, லைற் ஒரு தரம் மின்னக்கூட மாட்டாது. மாறுவது பில்லில் இருக்கும் பெயரும் விலையும் மட்டும்தான். அப்படியென்றால் அந்த 88 பவுண் எதற்கு? கடிதம் வாசிக்கத் தெரியாததற்கும், இணையத்தில் தேடத் தெரியாததற்கும், வயது போனதற்கும் கட்டும் தண்டம் அது.

இது ஒரு கிழவனின் புலம்பல் இல்லை. இங்கே வீடுகளுக்குக் கரண்ட் விற்கும் போட்டி 1998–99 இல் திறந்துவிடப்பட்டது. பதினேழு வருசத்துக்குப் பிறகு, 2016 இல், போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை தன் விசாரணையின் முடிவை வெளியிட்டது. ஆறு பெரிய கொம்பனிகளின் வாடிக்கையாளரில் ஏறத்தாழ 70 வீதமானோர் அந்த விலை கூடிய வழமைக் கட்டணத்தில்தான் இருந்தார்கள். போட்டி ஒழுங்காக நடந்திருந்தால் கட்டியிருக்க வேண்டியதை விட, மக்கள் வருசத்துக்கு 140 கோடி பவுண் கூடுதலாகக் கட்டினார்கள். பத்துப் பேரில் ஏழு பேர் பெயில் என்றால் பிழை பிள்ளைகளிலா, பரீட்சையிலா? இதை நீங்கள் எல்லோரும் ஒருகாலத்தில் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

கசப்பான பங்கு இனித்தான். பேசாமல் இருப்பவர்களிடம் கூடுதலாக வாங்க முடியுமென்றால், தேடி வருபவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கக் கொம்பனிக்குக் கை வரும். நீரும் நானும் கெட்டித்தனமாகப் பிடித்த டீலின் மலிவில் ஒரு பங்கு அக்காவின் பிஸ்கற் ரின்னில் இருந்து வந்தது. கெட்டித்தனத்தைப் பற்றிப் பெருமைப்படும்போது அதையும் நினைத்துக்கொள்ளும்.

"அதுக்குத்தானே விலை உச்சவரம்பு இருக்கு" என்பார்கள். இருக்கிறது. 2019 தை முதலாம் திகதி முதல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் ஒஃப்ஜெம் விதிக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். அது வந்தது நல்லதுதான். ஆனால் இரண்டு பிழையான எண்ணம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. முதலாவது, செய்தியில் சொல்லும் வருசத் தொகைக்கு மேல் பில் வராது என்பது. வரும். உச்சவரம்பு யூனிற் விலைக்கும் நாள் கட்டணத்துக்கும் மட்டும்தான். செய்தியில் சொல்வது ஒரு சராசரி வீட்டின் கணக்கு. இரண்டாவது, உச்சவரம்பு என்றால் நல்ல விலை என்பது. உச்சவரம்பு, பேர் சொல்வதைப் போல, உச்சம். ஐம்பது மைல் வேகம் என்று பலகை போட்டால் ஐம்பதில்தான் ஓட வேண்டும் என்று அர்த்தமா?

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்கிறேன். தேடுவதென்றால் மாறுவது என்று அர்த்தமில்லை. 2022 ஒக்டோபரில் உச்சவரம்பு சராசரி வீட்டுக்கு 3,549 பவுணுக்குப் போய், அரசாங்கம் இடையில் விழுந்து அதை 2,500 ஆகப் பிடித்து வைத்தது. அந்த நேரம் பிக்ஸ்ட் டீல் முடிந்தவர்கள் அசையாமல் மாறும் கட்டணத்தில் இருந்ததுதான் புத்தி. அதற்கும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். "சின்னக் கொம்பனிக்குப் போனால் அது விழுந்துபோகும், லைற் நிண்டுபோகும்" என்ற பயமும் வேண்டாம். 2021–22 இல் ஏறத்தாழ முப்பது கொம்பனிகள் விழுந்தன. ஒரு வீட்டிலும் அதனால் லைற் நிற்கவில்லை. ஒஃப்ஜெம் அவர்களை வேறு கொம்பனியிடம் கையளித்தது, கணக்கில் இருந்த காசும் பாதுகாக்கப்பட்டது. அந்தச் செலவைத்தான் பிறகு எல்லோருடைய நாள் கட்டணத்திலும் ஏற்றினார்கள். இருட்டில் இருந்த அக்காவும் அதில் தன் பங்கைக் கட்டினா.

இனிக் கணக்குப் பாடம். பத்தாம் வகுப்பு நேர்கோட்டுச் சமன்பாடு ஞாபகம் இருக்கிறதா? படித்திறன், வெட்டுத்துண்டு. "சேர், இது வாழ்க்கையில எங்க உதவும்?" என்று கேட்டவர்களே, இங்கேதான். யூனிற் விலை படித்திறன். நாள் கட்டணம் வெட்டுத்துண்டு. நீங்கள் ஊருக்குப் போய் மூன்று மாதம் வீட்டைப் பூட்டி வைத்தாலும் வெட்டுத்துண்டு விழுந்துகொண்டே இருக்கும்.

அக்காவின் பழைய கொம்பனியும் ஒரு புதுப் பிக்ஸ்ட் டீல் வைத்திருந்தது. யூனிற் 24 பென்ஸ், நாளுக்கு 60. யூனிற் விலையை மட்டும் பார்த்தால் இதுதான் மலிவு. அக்காவுக்கு 579 பவுண் வரும். 26க்கு 40 கேட்ட மற்றக் கொம்பனியில் 536. ஆனால் 4,500 யூனிற் எடுக்கும் என் மகளின் வீட்டுக்கு முதலாவது 1,299, மற்றது 1,316. அங்கே முதலாவதுதான் மலிவு. இரண்டு கோடும் 3,650 யூனிற்றில் வெட்டிக்கொள்கின்றன. அதற்குக் கீழே எடுப்பவருக்கு ஒன்று, மேலே எடுப்பவருக்கு மற்றது. ஆகவே "நான் இந்தக் கொம்பனிக்கு மாறினேன், நீங்களும் மாறுங்கோ" என்று வட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்துங்கள். உங்கள் வீட்டு விடை அடுத்த வீட்டுக்கு விடையாகாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. டீல் முடியும் திகதியைக் கலண்டரில் குறியுங்கள். முடிய 49 நாள் இருக்கும்போதிருந்து மாறினால் விலகற் கட்டணம் வாங்க முடியாது. கொம்பனியின் கடிதமும் 49 முதல் 42 நாளுக்குள் வர வேண்டும்.

2. பில்லில் இருந்து மூன்று எண்ணை எடுங்கள்: ஒரு வருசத்தில் எடுத்த யூனிற், யூனிற் விலை, நாள் கட்டணம். டைரக்ட் டெபிட் தொகையை மறந்துவிடுங்கள். காஸுக்கும் இதே மூன்று எண்தான்.

3. ஒப்பிடும் தளங்களில் பல கொம்பனிகளிடம் கொமிஷன் வாங்குகின்றன. எல்லா டீலையும் காட்டு என்ற தெரிவை அழுத்துங்கள். பிறகு பேப்பரில் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

4. இப்போதைய கொம்பனியின் மாறும் கட்டணத்தோடும் ஒப்பிடுங்கள். புது டீலில் இடையில் விலக எவ்வளவு என்று கேளுங்கள். ஒப்பந்தம் செய்தாலும் மனம் மாற 14 நாள் இருக்கிறது.

என் கோரிக்கை இரண்டு. முதலாவது அதிகாரத்தில் இருப்பவர்களிடம். டீல் முடிந்து வாடிக்கையாளர் பதில் சொல்லாவிட்டால், அவர் எடுக்கும் யூனிற்றுக்கு அந்தக் கொம்பனியிடம் இருக்கும் மிக மலிவான கட்டணத்துக்கே அவரை விட வேண்டும், விலகற் கட்டணம் இல்லாமல். அவர் எவ்வளவு எடுக்கிறார் என்பது கொம்பனிக்குத் தெரியும், பெருக்கவும் தெரியும். அப்படிச் செய்தால் தேடுபவர்களின் டீல் கொஞ்சம் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். நான் கட்டத் தயார். உங்கள் பகுதி எம்.பி.க்கு இதை எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன்.

இரண்டாவது உங்களிடம். சட்டம் மாறும் வரைக்கும் அக்காமார் காத்திருக்க முடியாது. உங்கள் சொந்தத்தில், கோயிலில், பக்கத்து வீட்டில் பிஸ்கற் ரின் வைத்திருக்கும் ஒருவரையாவது இந்த மாதம் போய்ப் பாருங்கள். அவர் பக்கத்தில் இருந்து, அவருக்குச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். பாஸ்வேர்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அரை மணித்தியால வேலை.

அக்காவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டேன். "88 பவுணோ? பொய் சொல்லாத தம்பி" என்று பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு எழும்பிப் போய் ஹோல் லைற்றைப் போட்டா. நான் படியிறங்கும் வரைக்கும் அது எரிந்துகொண்டிருந்தது.

போய்ப் பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். யூனிற், விலை, நாள் கட்டணம் மூன்றையும் போடுங்கள், கணக்கை நான் திருத்தித் தருகிறேன். சிவப்புப் பேனை இன்னும் கையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு மாஸ்ரர்