மாதிரிப் புகையிரதமும் கட்டுப்பாட்டு உரிமையும்

அரசியல் கட்டுரையை எதிர்பார்த்து இப்பக்கத்திற்கு வரும் வாசகர்கள் இம்முறை சற்றுப் பொறுத்தருள வேண்டும். மேசையில் ஓடும் மாதிரிப் புகையிரதங்களைப் பற்றி எழுதப் போகிறேன். வளர்ந்தவர்களின் விளையாட்டு என்று சிலர் ஒதுக்கிவிடக்கூடிய விடயம்தான். ஆயினும், எந்தக் கொன்ட்ரோலரை வாங்குவது என்று இவ்விளையாட்டில் எடுக்கப்படும் தீர்மானம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. ஒரு பொருளைப் பணம் கொடுத்து வாங்கிய பின்னரும் அதன் மீதான அதிகாரம் விற்றவரிடமே தங்கிவிடுகிறதா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் வீடுகளுக்கு நத்தார் பரிசாக ஒரு சிறு புகையிரதத் தொகுப்பு வந்து சேர்கிறது. வட்டத் தண்டவாளம், ஓர் எஞ்சின், மூன்று பெட்டிகள். சில மாதங்களில் பிள்ளை இரண்டாவது எஞ்சினைக் கேட்கிறது. தகப்பனாருக்கோ பிள்ளையை விட ஆர்வம் கூடிவிடுகிறது. தொகுப்போடு வந்த கொன்ட்ரோலர் போதாது என்று தெரிந்ததும் கடைக்குப் போகிறார். அங்கே எத்தனை அம்பியர், எத்தனை பொத்தான், வர்ணத்திரை உண்டா என்ற பேச்சே நடக்கிறது. அவையெல்லாம் இரண்டாவதாகக் கேட்க வேண்டியவை என்பதே எனது கருத்து. இந்தப் பெட்டி எந்த மொழியைப் பேசுகிறது, அம்மொழி எல்லோருக்கும் பொதுவானதா என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும்.

சற்று வரலாற்றைப் பார்ப்போம். லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹோர்ன்பி 1920இல் விற்பனைக்கு விட்ட முதற் புகையிரதங்கள் சாவி கொடுத்து ஓடுபவை. பின்னர் மின்சாரம் வந்தது. ஜேர்மனியின் மெர்க்லின் நிறுவனம் ஆடலோட்டத்தையும் நடுத்தொடுகையையும் கைவிடாதிருக்க, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு தண்டவாளங்களில் 12 வோல்ற்று நேரோட்டம் என்பது காலப்போக்கில் பொதுவழக்காகிவிட்டது. வோல்ற்றளவைக் கூட்டினால் எஞ்சின் வேகமாக ஓடும். நேர், மறை முனைகளை மாற்றினால் பின்னோக்கிச் செல்லும். இம்முறையின் பெரும் சிறப்பை நாம் கவனிப்பதில்லை. எந்த நிறுவனத்தின் 12 வோல்ற்றுக் கொன்ட்ரோலரும் வேறெந்த நிறுவனத்தின் 12 வோல்ற்று எஞ்சினையும் ஓட்டும். ஐம்பது வருடத்திற்கு முன் தகப்பன் வாங்கிய எஞ்சினை மகன் இன்று வாங்கிய கொன்ட்ரோலரில் ஓட்டலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அம்முறையின் குறைபாடும் வெளிப்படையானது. எஞ்சினுக்குள் இருப்பது வெறும் மோட்டார். தண்டவாளத்தில் வரும் மின்சாரம் எதுவோ அதற்கு அது கீழ்ப்படியும். ஆகவே ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்டுவதற்குத் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாக வெட்டிப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆளி வைத்து, மேசையின் அடியில் கம்பிக் காட்டையே வளர்க்க வேண்டும். உண்மையில் அங்கே நாம் ஓட்டுவது புகையிரதத்தையல்ல, தண்டவாளத்தை.

இதற்கு விடையாக வந்ததுதான் இலக்கமுறைக் கட்டுப்பாடு. தண்டவாளத்தில் முழு வோல்ற்றளவும் எப்போதும் இருக்கும். அந்த மின்சாரம் இடைவிடாது திசை மாறிக்கொண்டே செய்தியையும் சுமந்து செல்லும். குறுகிய துடிப்பு ஒன்று, நீண்ட துடிப்பு பூச்சியம். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்னும் சிறு சுற்று, தனது இலக்கத்திற்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரையும் விளக்கையும் இயக்கும். கடையிலிருந்து வரும் புதிய டிகோடருக்கு வழமையாக 3 என்ற இலக்கமே இடப்பட்டிருக்கும். அதை மாற்றி ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒவ்வோர் இலக்கம் கொடுத்துவிட்டால், பத்து எஞ்சின்கள் ஒரே தண்டவாளத்தில் நின்றாலும் அழைக்கப்பட்டது மட்டுமே அசையும்.

ஆனால் இந்த முன்னேற்றத்தோடு ஓர் ஆபத்தும் வந்தது. கட்டளை என்றால் மொழி வேண்டும். மொழியை வகுத்தவன் அதற்குச் சொந்தக்காரனாகிவிடலாம். ஹோர்ன்பி நிறுவனம் 1979இல் 'சீரோ 1' என்ற முறையைக் கொண்டுவந்தது. நுண்செயலி வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய அக்காலத்தில் 16 எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டக்கூடியதாக இருந்தது சாதாரண விடயமல்ல. ஆயினும் அதன் மொழி அதற்கு மட்டுமே உரியது. முறை கைவிடப்பட்டபோது, அதை நம்பி எஞ்சின்களுக்குள் சுற்றுகளைப் பொருத்தியவர்கள் தனித்து விடப்பட்டார்கள். பின்னர் வந்த கொன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை அந்தச் சுற்றுகளோடு பேசவில்லை.

1990களின் முற்பகுதியில் அமெரிக்கத் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் இதற்கு ஒரு முடிவு கண்டது. ஜேர்மனியரான பேர்ண்ட் லென்ஸின் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, எவரும் பின்பற்றக்கூடிய பொது நியமமொன்றை அது வகுத்தது. டி.சி.சி என்று இன்று அழைக்கப்படுவது இதுவே. இதன் பின்னர் ஒரு நிறுவனத்தின் கொன்ட்ரோலர் இன்னொரு நிறுவனத்தின் டிகோடரை ஓட்டும் நிலை மீண்டும் வந்தது.

தமிழில் எழுதும் எங்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. பாமினியில் தட்டச்சு செய்து வைத்த கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். ஒவ்வொரு பத்திரிகைக் காரியாலயத்திற்கும் ஒவ்வோர் எழுத்துரு இருந்த காலத்தில், எழுதியவன் தன் எழுத்தையே வாசிக்க முடியாமல் நின்றான். யுனிகோட் வந்து வேரூன்றிய பின்னரே நாம் எழுதியது நமக்குச் சொந்தமாயிற்று. டி.சி.சி என்பது இத்துறையின் யுனிகோட் எனலாம்.

எனினும், 'டி.சி.சி' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு திருப்தி அடைந்துவிட வேண்டாம். மேற்படி அடிப்படை நியமம் தண்டவாளத்தில் செல்லும் செய்தியைப் பற்றியது. கையில் பிடிக்கும் கருவிக்கும் மையப் பெட்டிக்கும் இடையிலுள்ள கம்பியில் என்ன மொழி பேசப்படுகிறது என்பது வேறு விடயம். டிஜிட்ராக்ஸ் 'லோக்கோநெட்' என்பதையும், லென்ஸ் 'எக்ஸ்பிரஸ்நெட்' என்பதையும் பயன்படுத்துகின்றன. வேறு நிறுவனங்களுக்கு வேறு முறைகள் உண்டு. பூட்டு போடப்படும் இடம் இதுதான். இரண்டாவது கைக்கருவி வாங்க நினைக்கும்போது அதே நிறுவனத்திடமே போக வேண்டுமா, கணினியோடு இணைக்க வழி உண்டா என்பதைப் பணம் கொடுக்க முன்னரே கேட்டறிய வேண்டும். ரோக்கோ நிறுவனம் தனது தொடக்கத் தொகுப்புகளோடு கொடுத்த 'இசட்21 ஸ்டார்ட்' என்ற பெட்டியில் கம்பியில்லா வலையமைப்போடு சேரும் வசதி உள்ளேயே இருந்தது. ஆனால் அதைத் திறப்பதற்கான குறியீட்டைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. வீட்டை விற்றுவிட்டு ஓர் அறையின் திறப்பை மட்டும் கையில் வைத்திருப்பது போன்றது இது.

இவ்விளையாட்டின் உரிமைப் போராட்டம் நீதிமன்றம் வரையும் சென்றிருக்கிறது. அமெரிக்க இயற்பியலாளரான ரொபர்ட் ஜேக்கப்சனும் அவரது நண்பர்களும் கணினி மூலம் மாதிரிப் புகையிரதங்களை ஓட்டும் ஜே.எம்.ஆர்.ஐ என்ற இலவச மென்பொருளை எழுதி வந்தனர். மத்தியூ கட்ஸர் என்பவரின் நிறுவனம் தனது ஆக்கவுரிமையை இது மீறுவதாகக் கூறி 2 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட தொகையைக் கேட்டது. இலவசமாகக் கொடுத்த மனிதரிடம் கட்டணம் கேட்ட விசித்திரம் அது. ஜேக்கப்சன் வழக்குத் தொடுத்தார். அவரது குழுவின் கோப்புகளையே அந்நிறுவனம் பெயர் குறிப்பிடாது தன் மென்பொருளில் பயன்படுத்தியிருந்த விடயமும் வழக்கில் சேர்ந்தது. இலவசமாகக் கொடுத்தவர் விதித்த நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008 ஒகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010இல் ஒரு இலட்சம் டொலர் கொடுக்க இணங்கி கட்ஸர் தரப்பு சமரசத்திற்கு வந்தது. திறந்த மூல மென்பொருள்களைப் பற்றிய சட்டத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு, விளையாட்டுப் புகையிரதத்திலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த ஜே.எம்.ஆர்.ஐ இன்றும் இலவசம்தான். அதோடு இணைந்து கைத்தொலைபேசியையே கொன்ட்ரோலராக மாற்றும் 'எஞ்சின் டிரைவர்' என்ற செயலியும் இலவசமே. ஆர்டுயினோ என்ற மலிவான மின்சுற்றுப் பலகையைக் கொண்டு டி.சி.சி மையப் பெட்டியை நாமே அமைத்துக்கொள்ளும் 'டி.சி.சி-இ.எக்ஸ்' திட்டமும் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையும் கணினிப் பழக்கமும் உள்ளவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

கைத்தொலைபேசியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் செயலியால் மட்டுமே ஓடக்கூடிய எஞ்சின், அச்செயலி கைவிடப்படும் நாளில் காட்சிப் பொருளாகிவிடும். நிறுவனங்கள் நிரந்தரமானவையல்ல. 1859இல் தொடங்கப்பட்ட மெர்க்லின் கூட 2009இல் வங்குரோத்து நடவடிக்கைக்குள் சென்று மீண்டு வந்தது. ஹோர்ன்பி 2023இல் சந்தைக்கு விட்ட எச்.எம்.7000 டிகோடர்கள் புளூடூத்தில் செயலியின் சொற்கேட்டும் ஓடும், சாதாரண டி.சி.சி கொன்ட்ரோலரிலும் ஓடும். இது நல்ல உதாரணம். செயலி போனாலும் எஞ்சின் இருக்கும்.

இனி மின்வலுவுக்கு வருவோம். பெரிய எண்தான் நல்லது என்பது இத்துறையிலுள்ள மூடநம்பிக்கை. எச்.ஓ, ஓ.ஓ அளவுகளில் வரும் இன்றைய எஞ்சின் ஒன்று பொதுவாக அரை அம்பியருக்குள்ளேயே அடங்கிவிடும். பழைய மோட்டார்களுக்கு ஓர் அம்பியர் வரை தேவைப்படலாம். மூன்று நான்கு எஞ்சின்களை ஒருங்கே ஓட்டும் வீட்டுத் தளத்திற்கு 3 அம்பியர் தாராளம். 15 வோல்ற்றில் 5 அம்பியர் என்றால் 75 வாற்று. எஞ்சின் தடம்புரண்டு குறுஞ்சுற்று ஏற்படும்போது மையப் பெட்டி உடனே மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால், பிளாஸ்டிக்கை உருக்க அவ்வளவு வெப்பம் போதும். தண்டவாளங்களுக்குக் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பார்ப்பது பழைய, ஆனால் நம்பகமான சோதனை. தளத்தின் எந்த மூலையில் வைத்தாலும் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாத இடம் இருந்தால் குறை பெரும்பாலும் கம்பியில்தான். மேசையின் கீழே தடித்த கம்பி ஒன்றை ஓடவிட்டு, அதிலிருந்து தண்டவாளத்திற்குப் பல இடங்களில் இணைப்புக் கொடுக்க வேண்டும்.

வேறு இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. டிகோடர் இல்லாத எஞ்சினை டி.சி.சி தண்டவாளத்தில் நிறுத்தி வைத்தால் அதன் மோட்டார் இரைந்து சூடேறும். இரும்பு உள்ளகம் அற்ற மோட்டார்கள் விரைவில் எரிந்தும் போகும். கனடாவிலிருந்து இலங்கைக்கு அன்பளிப்பாக அனுப்புபவர்கள், அங்குள்ள 120 வோல்ற்று மின்வழங்கியை இங்குள்ள 230 வோல்ற்றில் செருகலாமா என்று அதன் அடியிலுள்ள எழுத்தை வாசித்தறிய வேண்டும். செருகியை மாற்றும் இணைப்பி வோல்ற்றளவை மாற்றாது.

இவ்வளவும் சொன்னதால், எல்லோரும் டி.சி.சிக்கு மாற வேண்டும் என்று நான் வாதிடுவதாகக் கொள்ளக்கூடாது. ஒரு வட்டம், ஓர் எஞ்சின், பக்கத்தில் ஒரு சிறு தரிப்பிடம் என்றிருப்பவருக்கு நல்ல 12 வோல்ற்று நேரோட்டக் கொன்ட்ரோலரே போதும். இருபது பழைய எஞ்சின்களை வைத்திருப்பவர் ஒவ்வொன்றுக்கும் டிகோடர் வாங்கப் புறப்பட்டால் கொன்ட்ரோலரின் விலை சிறுதொகையாகிவிடும். அவருக்கும் பழைய முறையே உசிதமானது. அதுவும் பொது வழக்கே, யாருக்கும் சொந்தமானதல்ல. நான் எதிர்ப்பது இவ்விரண்டுக்கும் வெளியே நின்று, தன் பெட்டி மட்டுமே தன் எஞ்சினோடு பேசலாம் என்று சொல்லும் வியாபாரத்தையே. அது மலிவாகவும் அழகாகவும் இருக்கும். பிள்ளைக்கு உடனே பிடித்தும் போகும். இரண்டாவது எஞ்சினை வாங்கும் நாளில்தான் அதன் உண்மையான விலை தெரியவரும்.

ஆகவே கடைக்குப் போகும் தகப்பனார்மாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வேறு நிறுவனத்தின் எஞ்சினை இது ஓட்டுமா, வேறு நிறுவனத்தின் கைக்கருவியை இதில் செருகலாமா, இந்த நிறுவனம் நாளை இல்லாமற் போனால் இது தொடர்ந்து இயங்குமா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் 'ஆம்' என்ற பதில் கிடைத்தால் அதன் பின் அம்பியரைப் பற்றிப் பேசலாம். விற்பனையாளர் பதில் சொல்லாமல் வர்ணத்திரையைக் காட்டினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.