முதல் 48 மணி நேரத்தில் டோஸைக் குறைக்க வேண்டாம்

செப்சிஸோடு ஐசியுவில் சேர்ந்தவரின் கிரியேட்டினின் 2.4 என்றதும் மெரோபெனம் டோஸைப் பாதியாக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. இது ஆபத்தானது. முதல் டோஸைத் தீர்மானிப்பது சிறுநீரகம் அல்ல. மருந்து உடலில் பரவும் கொள்ளளவு. நாம் ஏற்றும் திரவமும் கசியும் நுண்குழாய்களும் அதைப் பெருக்கிவிடுகின்றன. சேரும்போது தெரியும் சிறுநீரகப் பாதிப்பும் பலருக்கு இரண்டு நாளில் தேறிவிடுகிறது. செஃபிபீமில் மட்டும் நரம்பு நச்சை நினைவில் வைத்து, மற்ற பீட்டா-லாக்டம்களை 48 மணி நேரம் முழு டோஸில் கொடுப்பதே சரி. இளநிலை மருத்துவர்களின் தயக்கம் புரிகிறது. ஆனால் குறைந்த டோஸின் விலை, அந்த நேரத்தில், உயிர்.

மறுபக்கம், தலைக்காயத்தோடு வரும் இளைஞர். கிரியேட்டினின் 0.5, பார்க்க நிம்மதி. கிளியரன்ஸோ நிமிடத்துக்கு 130 மி.லி.யைத் தாண்டியிருக்கும், மருந்து சிறுநீரில் போய்க்கொண்டிருக்கும். எட்டு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கிளியரன்ஸ் கணக்கிட எந்த மருத்துவமனையிலும் முடியும். ஏன் செய்வதில்லை?

பத்து நாடுகளின் 68 மருத்துவமனைகளில் நடந்த டாலி ஆய்வில் (2014), தொற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 16 சதவீதத்தினர் பீட்டா-லாக்டம் இரத்த அளவின் மிகக் குறைந்த இலக்கைக்கூட எட்டவில்லை. அவர்களின் சிகிச்சைப் பலனும் குறைவாகவே இருந்தது. ஆனால் இரத்த அளவைப் பார்த்து டோஸை மாற்றிய டால்ஃபின், டார்கெட் ஆய்வுகள் (2022) முதன்மை முடிவில் பலன் காட்டவில்லை. அளப்பதே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அளவீடு கைக்கு வருமுன் முக்கியமான நேரம் கடந்துவிடுகிறது என்பதே என் வாசிப்பு.

பீட்டா-லாக்டம் அளவு பார்க்கும் ஆய்வகம் அருகில் இல்லாதவர்கள், போலஸுக்குப் பின் மூன்று, நான்கு மணி நேரம் சிரிஞ்ச் பம்பில் செலுத்தலாம். பிளிங்-3 ஆய்வில் (2024) தொடர் செலுத்தலில் 90 நாள் இறப்பு 24.9 சதவீதம், இடைவிட்ட முறையில் 26.8, புள்ளியியல்படி உறுதியாகாத வேறுபாடுதான், ஆனாலும் நான் தொடர் செலுத்தலின் பக்கமே. நம் ஊர் வெப்பத்தில் மெரோபெனத்தை மட்டும் 24 மணி நேரத்துக்குக் கலந்து வைக்காதீர்கள், சிதைந்துவிடும்.

வான்கோமைசின் அளவு பல ஆய்வகங்களில் கிடைக்கிறது. 2020 வழிகாட்டுதல், 15-20 என்ற ட்ரஃப் இலக்கைக் கைவிட்டு, ஏயுசி 400-600 என்கிறது. இரண்டு மாதிரிகள் இருந்தால் கணக்குச் சுலபம். நேரம் தவறினால் கணக்கே தவறு. மருந்து ஏறத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இரத்தம் எடுத்த நேரம் மூன்றையும் செவிலியர் உள்ளபடி எழுத, உங்கள் ஆய்வகச் சீட்டில் கட்டம் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.